கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு

– காப்பி ஆறுது, ஸேனி. முதல்ல உக்காரு. ஞானஸ்நானத் தொட்டியிலேருந்து உன்னை ஈரத்தோட கையில வாங்கினவன் நான். எங்கிட்ட நின்னுக்கிட்டுப் பேசாத.

– உக்கார வரல, ஞானப்பா. இந்தக் கார்டைப் பாருங்க. யாரு கார்டு இது?

– உன்னோடதுதான். 'பொலிக்ஸேனி, கப்பல் சரக்கு ஆவணங்கள்.' நீலத்துல பேரு, ஓரத்துல குட்டியா ஒரு நங்கூரம். லட்சணமாத்தானே இருக்கு, கண்ணுமணி?

– லட்சணமா இருக்கணும்னுதான் ஒரு வாரம் கம்ப்யூட்டரே கதின்னு கெடந்தேன். பேரு பெருசா இருந்தா வேலைக்குக் கெஞ்சற மாதிரி இருக்கு, சின்னதா இருந்தா பயந்தாங்கொள்ளி மாதிரி இருக்குன்னு மாத்தி மாத்தி வச்சேன். அச்சுக்கடைக்காரன் வழவழத் தாளுதான் மலிவுன்னான். வேணாம், பேனா மை ஒட்டற தாளா குடுன்னேன். ஏன்? 'பின்பக்கத்தைக் காலியா விடு, நான் நாலு வார்த்தை எழுதித் தரேன்'னு நீங்க சொன்னீங்க.

– எழுதித் தந்தேனா இல்லையா? 'என் ஞானமகள், கவனிக்கவும்.' கீழ கையெழுத்து. மந்திரி ஆபீஸ்ல காலம் பூரா இருந்தவன் கையெழுத்து! நம்ம வோலோஸ்லேருந்து பிரேயஸ் துறைமுகம் வரைக்கும் அதுக்கு மரியாதை உண்டு, கண்ணுமணி.

– உண்டு, உண்டு. நேத்து பிரேயஸ்ல பாத்தேனே. கப்பல் கம்பெனியில ஆளெடுக்கற அம்மா டிராயரைத் திறந்து காட்டினாங்க. நீங்க கையெழுத்துப் போட்டு ஆளாளுக்குக் குடுத்தனுப்பின கார்டு ரெண்டு கட்டு. ஒரு கட்டுல கையெழுத்துக்குக் கீழ கோடு. இன்னொண்ணுல கோடு இல்ல.

– அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

– 'கோடு இருந்தா கூப்பிடணும், இல்லேன்னா சிரிச்சுப் பேசி அனுப்பிடணும். பழைய ஏற்பாடு, பொண்ணே. உன்னைவிட வேலை தெரிஞ்சவ யாரும் வரல, அதான் மனசு கேக்கல'ன்னாங்க. என் கார்டுல கோடு இல்ல. வீட்டுக்கு வந்து மிச்சத்தை எல்லாம் திருப்பிப் பாத்தேன். ஒண்ணுத்துலயும் இல்ல.

– அவசரத்துல... பேனா வேற சரியில்ல...

– பேனா மேல பழியப் போடாதீங்க! குளிர்காலம் பூரா ஒவ்வொரு ஆபீஸ் படியா ஏறி எறங்கினேன். பல்லைக் காட்டிக்கிட்டு நீட்டினேன். 'இவளை எடுக்காத'ங்கிற சீட்டை நானே அச்சடிச்சு, நானே கொண்டு போய்க் குடுத்திருக்கேன், ஞானப்பா. வெக்கமா இருக்கு.

– என்னடி சத்தம்? அடுப்படி வரைக்கும் கேக்குது.

– நீயே கேளும்மா, உன் அருமை அண்ணன் பண்ணின வேலைய.

– எல்லாம் காதுல விழுந்துது. ஏண்ணே, இது அடுக்குமா? தகப்பன் இல்லாத பொண்ணுண்ணே!

– ஸ்டமாட்டா, நீ இதுல வராத.

– ஏன் வரக்கூடாது? ஈஸ்டர் தவறாம இந்த வீட்டு ஆட்டுக்கறி தின்னீங்களே. உண்ட வீட்டுக்கு ரெண்டகமா?

– அம்மா கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?

– ஒண்ணும் பண்ணல, கண்ணுமணி. நான் கெளம்பறேன்.

– கெளம்புங்க! இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க. எம்பொண்ணு வயித்துல அடிச்ச கை வெளங்காது!

– சாபம் விடாத, ஸ்டமாட்டா. இத்தனை நேரம் உனக்காகத்தான் வாயைக் கட்டிக்கிட்டு நின்னேன். முதல் கார்டுல நான் கோடு போட்டேனா இல்லையா? அதைப் பிடுங்கி அடுப்புல போட்டது யாரு? 'ஜெர்மனி போன மகன் போனவன்தான், இவளும் பிரேயஸ் போயிட்டா நான் சுவத்தோட பேசணும், கோடு வேணாம்ணே'ன்னு எங்கையைப் பிடிச்சு அழுதது யாரு?

– அம்மா?

– நான் வரேன், ஸேனி. என்னை மன்னிக்காட்டியும் போகுது.

– அம்மா, அவர் பொய் சொல்றாருன்னு சொல்லு.

– கதவைச் சாத்துடி. குளிரடிக்குது.

– சொல்லும்மா!

– பெத்தவளுக்கு ஆசை இருக்கக் கூடாதா? ஒரு கோடுதானே, ஸேனி. வேலை என்ன, இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வரும்.

– நீ போட்ட திட்டம் பலிக்கலம்மா. அந்த பிரேயஸ் அம்மா, 'கோடு கெடக்கட்டும், முதலாளிகிட்ட நானே பேசறேன். காலையில உன் கார்டுல இருக்கற வீட்டு நம்பருக்குக் கூப்பிடறேன்'னு சொல்லியிருக்காங்க. இன்னும் கூப்பிடல, அவ்வளவுதான். கூப்பிட்டதும் பெட்டியக் கட்டிடுவேன்.

– கூப்பிட்டாங்க. நீ குளிச்சுக்கிட்டிருந்த.

– என்னம்மா சொன்ன?

– உனக்கு இங்கயே வேலை கெடச்சிடுச்சுன்னு சொன்னேன். நீ ரொம்ப சந்தோஷமா இருக்கேன்னும் சொன்னேன்.