குட்டி நாடு தூக்கிய கை

பொன்னேரியில், பழவேற்காட்டு மீன்காரம்மாக்கள் இருவர் கூடையோடு ரயிலேறினார்கள். இளையவர் ஆரம்பித்தார்.

"அக்கா, நேத்து நியூஸ்ல ஒரு குட்டி நாட்ட காட்னாங்க, நம்ம ஏரி அளவுகூட இல்லியாம். பட்டாளமே கெடையாதாம். ஒரு பெரிய வல்லரசு அடுத்த நாட்டுல பூந்தது தப்புன்னு, உலக சபைல அதுக்கு எதிரா கைய தூக்கிக்கீது!"

"அதுக்கு இன்னாடி வந்துச்சு?"

"நம்ம ஏரில சீட்டு குலுக்கி ஒருத்தனுக்கு உட்ட எடத்துல இன்னொருத்தன் வல போட்டா, கம்முனு கீறோமா? நாளைக்கு நம்ம எடத்துலயும் போடுவான்ல?"

"நம்ம தெரு செல்வி புருசனுக்கு உட்ட எடத்துல அந்தப் பெரிய போட்டுக்காரன் வல போட்டுட்டானே. நாளைக்குப் பஞ்சாயத்துல உன் ஊட்டுக்காரரு கைய தூக்குவாரா?"

மீஞ்சூர் வந்ததும் இளையவர் கூடையைக் காலருகே இழுத்துக்கொண்டார்.

"அவரு பயப்படுவாரு. பொம்பளைங்கள உள்ள உடமாட்டாங்க. நான் வாசல்ல நின்னு தூக்குறேங்க்கா."