எதிர்க் கடிதம்

— ஏம்மா, சுத்தி வளைக்காம சொல்லிடு. கணக்கு வாத்தியார் உயிரோட இருக்காரா, இல்லையா?

— ஐயோ டெய்லர் ஐயா, வாயைக் கழுவுங்க! நல்லாத்தான் இருக்கார். முதல்ல உக்காருங்க.

— அப்ப ஏன் நாலு மாசமா மாலைப் பேப்பர்ல அவர் கடிதம் வரலை? பதினோரு வருஷம்மா! நான் காலைப் பேப்பர்ல எழுதினா, அந்த மனுஷன் மாலைப் பேப்பர்ல என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிருப்பார். முகத்தைப் பார்த்ததில்லை. ஆனா அவர் திட்டு இல்லாம எனக்கு டீ இறங்கமாட்டேங்குது.

— வாராவாரம் எழுதிக்கிட்டுத்தான் இருக்கார். இந்த டிராயர் முழுக்க அவர் கடிதம்தான்.

— பின்ன ஏன் போடலை?

— ரெண்டு பேப்பரையும் ஒரே முதலாளி வாங்கிட்டார்ல? இப்ப ரெண்டுக்கும் வாசகர் கடிதம் பாக்குறது நான் ஒருத்திதான். சந்தையை இடிச்சுட்டு அங்க கடை வளாகம் கட்டப்போறதும் அவர்தான். வேண்டாம்னு எழுதுறவங்களைப் போடக்கூடாதுன்னு உத்தரவு.

— என்னோடது மட்டும் வருதே?

— நீங்க கட்டணும்ங்கிற கட்சி. மேலருந்து ஒரு லிஸ்ட் வந்திருக்கு. அதுல முதல் பேரே உங்களோடதுதான். லிஸ்ட்ல இருக்கறவங்க கடிதத்தை யாரும் படிச்சுக்கூடப் பாக்குறதில்லை. நேரா அச்சுக்குப் போயிடும்.

— படிக்கிறதே இல்லையா? அடிச்சு அடிச்சு அஞ்சு தடவை எழுதுறேனேம்மா! வாத்தியார் வாயடைச்சுப் போயிட்டார், நான் ஜெயிச்சுட்டேன்னு வீட்ல வேற பீத்திக்கிட்டேன். வெக்கமா இருக்கு.

— எனக்கு மட்டும் மனசு ஆறுமாய்யா? கிழிச்சுப் போடச் சொன்னாங்க. கை வரலை.

— கடைசியா எழுதினதைக் காட்டு. ம்... ‘டெய்லருக்குத் துணி வெட்டத் தெரியும். இருநூறு குடும்பத்தோட பொழைப்பை வெட்டுறோம்னுதான் தெரியலை.’ ஹா! கொழுப்பைப் பாரேன்!

— நாளன்னிக்கு நகரசபையில சந்தையை இடிக்கிறதா வேண்டாமான்னு ஓட்டெடுப்பு. அதுக்கப்புறம் இதெல்லாம் வெறும் காகிதம்.

— நாளைக் காலைப் பேப்பருக்கு என் கடிதம் எப்பக் குடுக்கணும்?

— ஆறு மணிக்குள்ள. கொண்டு வந்திருக்கீங்களா?

— அது பையிலயே கிடக்கட்டும். ஒரு வெள்ளைத்தாள் குடு.

— எதுக்குய்யா?

— இதைப் பார்த்து என் கையால எழுதி, கீழ என் பேரைப் போட்டுத் தர்றேன்.

— உங்களையே திட்டியிருக்காரே!

— அதையும் சேர்த்துத்தான். இதுல ஒரு வரிகூட எனக்குச் சம்மதமில்லை. ஆனா ஒரு எழுத்தையும் மாத்த மாட்டேன்.