படையலில் பதினோராவது படம்

— ஐயோ, என்ன உடைஞ்சுது? யாருய்யா நீங்க? செத்தவங்க படையல்ல ஏன் கை வைக்கிறீங்க?

— மன்னிச்சுக்க தாயி. கதவு திறந்து கிடந்துது. கை தவறி காப்பிக் கோப்பையைத் தட்டிட்டேன்.

— கல்லறைத் திருநாள்னா டெக்சாஸ் முழுக்க நம்ம மெக்சிகோ சனங்க கதவு திறந்துதான் இருக்கும். வர்றவங்க பூவோட வருவாங்க. நீங்க படத்தை எடுத்துச் சட்டைக்குள்ள ஒளிக்கிறீங்க!

— இது என் படம் தாயி.

— அந்தப் பதினோராவது படமா? அவரு ரொசெந்தோ கார்ஸா. கொரியாச் சண்டையில எங்கப்பா தலைமையில செத்த பதினொரு பேர்ல ஒருத்தர், ஐம்பது வருஷமாச்சு. எங்கப்பா முதல் ரொட்டியை அவருக்குத்தான் வைப்பாரு.

— உங்கப்பன் எலூத்தேரியோவா வச்சான்?

— மரியாதை! ஜெனரல் பாரியெந்தோஸ். மாடு மேய்ச்சவர் மகன், நம்ம மெக்சிகோ வம்சத்துல முதல் ஜெனரல். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அவர் பேரை வைக்கிறாங்க. அதைக் கெடுக்க எந்தப் பத்திரிகைக்காரன் உங்களை அனுப்பினான்?

— யாரும் அனுப்பல. இந்தா, தொப்பியைக் கழட்டுறேன். இடது காதைப் பாரு.

— நுனியே இல்லையே!

— பண்ணை முள்கம்பி கிழிச்சுது. சேணம் தைக்கிற ஊசியால உங்கப்பன்தான் தைச்சான். அவனுக்கு ஒன்பது வயசு, எனக்கு ஏழு. நான் கத்துன கத்துல குதிரையே மிரண்டு ஓடிருச்சு.

— அப்பா சொல்லியிருக்காரு... ஆனா உயிரோட இருக்கிறவரு இத்தனை வருஷம் எங்க போனீங்க?

— காயம்பட்டவங்களோட கப்பலேறி வந்து எல்லை தாண்டிட்டேன். மெக்சிகோவுல, மொன்தெர்ரேயில வேற பேர்ல தச்சு வேலை.

— அப்பாவுக்குத் தெரியுமா?

— நான் எழுதினதுக்குப் பதில் கடுதாசி போட்டான். "உன்னைச் செத்தவன்னு எழுதிட்டேன், அப்படியே இரு"ன்னு ஒரே வரி.

— பொய்! அப்ப எதுக்கு இந்தப் படையல்?

— ஊர் நம்பணுமே. போகட்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல திறக்குற நினைவுக் கல்லுல என் பேரும் இருக்காம், வீரமரணம்னு. மத்த பத்துப் பேர் நிஜமாவே செத்தவங்க. அவங்களோட என் பேரு வேண்டாம், எடுக்கச் சொல்லு.

— நல்லா இருக்கே! எடுத்தா ஏன்னு கேப்பாங்க. அப்பா பொய்க் கணக்கு எழுதினார்னு ஆகும். பள்ளிக்கூடம், பேரு எல்லாம் போயிடும்.

— நான் சண்டையை விட்டு ஓடுனவன் தாயி.

— ஓடுனவருக்காக எங்கப்பா ஏன் பொய் எழுதணும்? மெக்சிகோக்காரன்னா ஓடுவான்னு வெள்ளைக்கார அதிகாரிங்க பேசுவாங்கன்னா?

— அதுவும்தான்.

— வேற என்ன? மென்னு முழுங்காம சொல்லுங்க.

— எனக்கு முன்னாடி ஓடுனது உங்கப்பன் தாயி, அதைப் பார்த்து உயிரோட இருக்கிறவன் நான் ஒருத்தன்தான். பாலம் வரைக்கும் ஓடிட்டு அவன் சண்டைக்குத் திரும்பிப் போனான், நான் திரும்பல.