துபாய் போக ரெண்டரை மணி நேரம்

மரக்காணத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் கையில் தொளதொளவென்று ஓர் ஆம்பளை வாட்ச்.

"துபாய்க்குப் போறதுதாங்க்கா சீக்கிரம். வர்றதுக்குத்தான் நேரமாவுது" என்றாள்.

"ரெண்டும் ஒரே தூரந்தானடி?"

"லீவுக்கு வந்தப்போ அவரு டிக்கெட்ல பாத்தேங்க்கா. போறதுக்கு ரெண்டரை மணி நேரம். வர்றதுக்கு அஞ்சரை."

மூத்தவள் சிரித்தாள். "அங்க மணி நம்பளவிட ஒன்றரை மணி நேரம் பின்னாடி ஓடுது. எந்தம்பி அங்கதான இருக்கான். போனாலும் வந்தாலும் நாலு மணி நேரந்தான்."

வெளியே கீற்று மூடிய உப்புக் குவியல்கள் போய்க்கொண்டிருந்தன. இளையவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடியக்காலைல நாம உப்பு வாரப் போறப்போ அவரு கெளம்புனா, கஞ்சி குடிக்கிற நேரத்துக்கு மெட்ராஸ் வந்துடலாம். இல்லக்கா?"

"வரலாம்."

"இப்ப அங்க மணி என்னா?"

"நமக்கு ஒம்போது. அங்க ஏழரை."

அவள் வாட்ச்சின் திருகை இழுத்து, முள்ளை மெதுவாகப் பின்னால் திருப்பினாள்.

"ஏண்டி, அப்புறம் உனக்கு மணி தெரிய வேணாமா?"

"எனக்கு வெயில பாத்தாலே தெரியுங்க்கா."