செண்பகவல்லி டீச்சரோட ரிசல்ட்

...சரி, சதவீதக் கணக்கெல்லாம் நிறையச் சொல்லிட்டேன். இப்போ ஒரு ஆளப் பத்திச் சொல்றேன். சின்னக் கதைதான். பின்னாடி டீ கொதிக்கிற வாசன வருது... அது கைக்கு வர்றதுக்குள்ள முடிச்சிருவேன்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அங்க செண்பகவல்லின்னு ஒரு கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்பு எடுக்கறாங்க. அந்த வகுப்புல மாரீஸ்வரின்னு ஒரு பொண்ணு. அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்கறாங்க. மாரீஸ்வரிக்கு மத்த பாடம் எல்லாம் எப்படியோ தேறிரும். கணக்கு மட்டும் வரவே வராது. அரையாண்டுல ஒம்போது மார்க்கு.

தாளாளர் டீச்சரக் கூப்பிட்டாரு. அந்தப் பொண்ணு வீட்டுல போய்ப் பேசுங்க, டி.சி. வாங்கிக்கட்டும், தனியா எழுதிக்கட்டும்னாரு. நீங்க சொன்னாதான் அவங்க கேப்பாங்கன்னும் சொன்னாரு. அவரு கெட்டவரா? இல்லீங்க. எதிர்த்த பள்ளிக்கூடம் போன வருஷம் நூறு சதவீதம்னு வாசல்ல ஃப்ளெக்ஸ் வச்சுது. இங்க ஆறாம் வகுப்புல சேர ஆள் கொறஞ்சு போச்சு. அவரு பயம் அவருக்கு.

டீச்சர் போனாங்க. அந்த அம்மா அப்பதான் வேல முடிஞ்சு வந்திருக்கு. டீச்சர் எதுக்கு வந்திருக்காங்கன்னு தெரியாது. காப்பி போட்டுக் குடுத்துட்டு, எதிர்ல தரையில உக்காந்து சொல்லுது...

"டீச்சர், இவ பாஸாவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியாது. ஆனா முன்னயெல்லாம் கணக்குன்னாலே வயித்து வலிம்பா. இந்த வருசம் ஒருநாள்கூட அப்படிச் சொல்லல டீச்சர். அவளாக் கெளம்பிப் போயிருதா."

டீச்சரால வந்த விஷயத்தச் சொல்ல முடியுமா? காப்பியக் குடிச்சாங்க. எந்திரிச்சு வந்துட்டாங்க.

மறுநாள் தாளாளர் கேட்டாரு. டீச்சர், "நான் சொல்லல சார். அவ இங்கயே எழுதட்டும்"னாங்க.

"எழுதி ஃபெயிலானா?"

"ஆனா ஆகட்டும் சார். எழுதறதுக்கு முன்னாடியே ஃபெயிலாக்கறதுக்கு நான் எதுக்கு?"

மாரீஸ்வரி எழுதினா. என்ன ஆச்சு? பாஸாயிட்டான்னு சொல்லுவேன்னு பாக்கறீங்க... இல்ல. ஃபெயில். இருபத்தி ஆறு மார்க்கு. பள்ளிக்கூடத்துலயே அவ ஒருத்திதான் ஃபெயில். ஒம்போதுல இருந்து இருபத்தி ஆறுக்கு வந்தத யாரு பாத்தா? யாரும் பாக்கல. நூறு போச்சு, அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

உங்களுக்குப் பத்தாம் வகுப்பு சரிப்படாதுன்னு சொல்லி டீச்சர ஆறாம் வகுப்புக்கு அனுப்பிட்டாங்க. ஊதிய உயர்வும் நின்னு போச்சு. டீச்சர் வேலய விட்டுரலாம்னுகூட நினைச்சாங்க. விடல. சனிக்கிழம தோறும் மாரீஸ்வரிய வீட்டுக்கு வரவச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. மறுதேர்வுல அவ பாஸ். நாப்பத்தி மூணு. அந்தப் பாஸ் எந்த ஃப்ளெக்ஸ்ல வந்துச்சு? எந்தச் சதவீதத்துல சேந்துச்சு? எதுலயும் இல்ல.

ஆறாம் வகுப்புல போய் நின்னப்பதான் டீச்சருக்கு ஒண்ணு தெரிஞ்சுது. பாதிப் புள்ளைங்களுக்கு வகுத்தலே வரல. பின்னம்னா முழிக்குதுங்க. மாரீஸ்வரி பத்தாம் வகுப்புல விழலங்க... இங்க விழுந்திருக்கா. யாரும் தூக்கி விடாம அப்படியே மேல மேல அனுப்பிட்டாங்க. டீச்சர் புத்தகத்த மூடி வச்சுட்டு வகுத்தல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. பாடம் முடியல. காலாண்டுல அவங்க வகுப்பு மார்க்குதான் கடைசி. அதுக்கும் திட்டு வாங்கினாங்க. அடுத்து அதே புள்ளைங்களோட ஏழு, எட்டுன்னு போனாங்க.

அந்தப் புள்ளைங்க பத்தாம் வகுப்புக்கு வந்துச்சு. அங்க சீனிராஜ்னு புதுசா ஒரு கணக்கு சார். நல்லா எடுக்கறவரு, பொய் சொல்லக் கூடாது. அந்த வருஷம் ஒரு புள்ளையக்கூட டி.சி. குடுத்து அனுப்பல... எல்லாருமே பாஸ். நூறு.

ஆண்டு விழா. மேடையில சீனிராஜ் சாருக்குப் பொன்னாட, மாலை. தாளாளர் மைக்ல, "ஒரு நல்ல ஆசிரியர் வந்தா என்ன நடக்கும்னு பாத்தீங்களா"ன்னு கேக்கறாரு. செண்பகவல்லி டீச்சர் கீழ உக்காந்து கை தட்டறாங்க. சீனிராஜ் சாருக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்கு அது தன்னோட நூறுதான்.

நான் டீச்சர்கிட்டயே கேட்டேன். வருத்தமா இல்லியாம்மான்னு. பெருந்தன்மையா ஏதாவது சொல்லுவாங்கன்னு நினைச்சேன். அவங்க சொன்னாங்க...

"இருந்துச்சு சார். கொஞ்ச நாள் சீனிராஜ் சாரோட முகங்குடுத்தே பேசல. அப்புறம் பாவம், அவரு என்ன செய்வாருன்னு விட்டுட்டேன்."

இவ்வளவுதாங்க கதை.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒரே டீச்சர். சரியாச் செஞ்ச வருஷம் தண்டன. அதுக்கப்புறமும் சரியாத்தான் செஞ்சாங்க, அதுக்குப் பரிசு வேற ஒருத்தருக்கு. யாராவது திருடினாங்களா? இல்ல. யாராவது பொய் சொன்னாங்களா? அதுவும் இல்ல. அப்போ தப்பு எங்க இருக்கு? புள்ளையோட மார்க்க எடுத்து, கடைசியா யாரு பக்கத்துல நின்னாங்களோ அவங்க பேர்ல எழுதறோம் பாருங்க... அங்க இருக்கு. ஒரு புள்ளைய ஒரு வாத்தியார் மட்டுமா வளக்கறாரு? பசி, வீடு, முன்னாடி சொல்லிக் குடுத்தவங்க, சொல்லிக் குடுக்காம விட்டவங்க... எல்லாரும்தான் அந்த ஒரு மார்க்குல இருக்காங்க.

இங்க பெத்தவங்க நிறையப் பேரு வந்திருக்கீங்க. மே மாசம் ரிசல்ட் வரும். பள்ளிக்கூடத்துக்குப் போவீங்க. எத்தன சதவீதம்னு கேப்பீங்க... கேளுங்க. ஆனா அதோட எந்திரிச்சு வந்துராதீங்க. இன்னொண்ணும் கேளுங்க.

பரீட்சைக்கு முன்னாடி எத்தன புள்ளைய வெளிய அனுப்பினீங்க?