ஒரே பெயரில் ஒன்பது பேர்

— ஒரே பேருல ஒம்போது பேர் இருக்காங்கம்மா. உங்களுக்கு எந்த ஆள் வேணும், அதை முதல்ல சொல்லுங்க.

— ஆறாவது ஆள், சார்.

— ஆறா? இருங்க, வரிசையா வர்றேன். ஒண்ணு, ராஜா. பதினோரு நாள் ஆண்டார். பன்னெண்டாம் நாள் தம்பி வந்து எழுப்பி விட்டுட்டான். ரெண்டு, கிரகணத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னவர். மூணு, கடல் கொள்ளைக்காரன். நாலு, மல்யுத்த வீரர். அஞ்சு, கலங்கரை விளக்கம் கட்டின இன்ஜினியர். ஆறு... ஓ, அந்தப் பாலத்துக்காரரா?

— அவரேதான்.

— அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. ப்ரூஃப் கட்டைக் கீழ தள்ளி விடுங்க, பரவாயில்லை. நாளைக்கு இந்தக் கலைக்களஞ்சியம் அச்சுக்குப் போகுதா, இன்னிக்குன்னு பார்த்து எல்லாரும் வர்றாங்க. காலையில மல்யுத்தக்காரர் பேரன் வந்தார். தாத்தா தோத்த ஒரு போட்டியை எடுத்துடணுமாம். ரெண்டு மணி நேரம் பிடியை விடலையே மனுஷன்! ரத்தத்துலயே ஊறினது போல.

— நான் எதையும் எடுக்கச் சொல்லி வரலை, சார். தப்பா இருக்கிறதைத் திருத்தணும்.

— வர்றவங்க எல்லாரும் அப்படித்தாம்மா ஆரம்பிக்கிறாங்க. என்ன தப்பு?

— போட்டிருக்கிறதை ஒருதடவை வாய்விட்டுப் படிங்களேன்.

— “பாலப் பொறியாளர். இவரது கணக்கில் நேர்ந்த பிழையால், திறந்த நாற்பதாம் நாளே ஆற்றுப் பாலம் இடிந்து முப்பத்தொரு பேர் இறந்தனர். பணிநீக்கம் செய்யப்பட்டார்.” அவ்வளவுதான்.

— அந்தப் பிழை அவர் பண்ணினது இல்லை.

— விசாரணைக் கமிஷன் அறிக்கையே என்கிட்ட இருக்கும்மா. கணக்குத் தாள்ல அவர் பேர் இருக்கு.

— பேர்தானே இருக்கு? அதே ஆபீஸ்ல, அதே மாடியில, உங்க அஞ்சாம் நம்பரும் வேலை பார்த்தார். ஒரே பேரு, ஒரே இனிஷியல். அது தெரியுமா உங்களுக்கு?

— என்னது! ரெண்டு பேரும் ஒரே ஆபீஸா?

— எட்டு வருஷம். ஒருத்தர் வெயிலோ மழையோ குடை இல்லாம வர மாட்டார். இன்னொருத்தர் சோடாபுட்டிக் கண்ணாடி. குடைக்காரர், கண்ணாடிக்காரர்னுதான் கூப்பிடுவாங்களாம். தாள்ல மட்டும் ரெண்டு பேரும் ஒருத்தர். பாலம் விழுந்ததும் கண்ணாடிக்காரரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. குடைக்காரர் கடலோரத்துக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டார். அங்க நாலு விளக்குக் கட்டினார். உங்க அஞ்சாம் நம்பர் அவர்தான்.

— இருபது வருஷமா இந்தப் பக்கத்தை நான்தான் பார்த்துக்கிறேன். எனக்கே தெரியாமப் போச்சே.

— நான் மருந்துக் கடையில இருக்கேன், சார். ஒரே பேருல ரெண்டு பேர் வந்து நின்னா, மருந்தை எடுக்கிறதுக்கு முன்னாடி வயசைக் கேப்போம், தெருவைக் கேப்போம். மாத்திக் குடுத்துட்டா உயிர் போயிடும். அந்த ஆபீஸ்ல யாரும் கேக்கலை.

— சரிம்மா, கோவிச்சுக்காதீங்க. வீட்டு ஆளுங்க வாய் வார்த்தையை வெச்சு நான் வரியை மாத்த முடியாது. எந்த வீட்டுலதான் அப்பாவைக் கெட்டவர்னு சொல்றாங்க?

— நான் கண்ணாடிக்காரர் வீட்டு ஆள் இல்லையே.

— இல்லையா? அப்போ செத்துப் போனவங்க வீடா? அந்த முப்பத்தொருத்தர்ல...

— அதுவும் இல்லை. நான் யாருங்கிறது கடைசில வரட்டும், சார். முதல்லயே சொன்னா, நோட்டைப் பாக்காம என்னைத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க. இந்தாங்க. மெதுவா, ஓரமெல்லாம் உதிருது.

— கணக்கு நோட்டா? அடேயப்பா, பென்சில்ல என்ன பொடி எழுத்து! அந்த பூதக்கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளுங்க. “நடுத்தூண், தாங்கும் எடை...” அம்மா, இது அந்தப் பாலமேதான்!

— ஏழைப் பாருங்க. எல்லா ஏழுக்கும் இடுப்புல ஒரு கோடு இருக்கா?

— இருக்கு.

— கண்ணாடிக்காரர் கமிஷனுக்குக் கைப்பட எழுதிக் குடுத்த வாக்குமூலம் அந்த அறிக்கையில இருக்குமே. அதுல ஏழு எப்படி இருக்கு?

— பொறுங்க... இதோ. வெறும் ஏழு. கோடு இல்லை. ஆனா உலகத்துல ஏழுக்குக் கோடு போடுறவங்க ஆயிரம் பேர் இருப்பாங்களே.

— அஞ்சாம் நம்பர் போட்ட படம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?

— விளக்கோட வரைபடம் இருக்கு, புதுப் பதிப்புல போடுறதுக்கு. மேல் தட்டுல. அந்த ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, அதுவும் ஆடும். இந்த ரூம்ல ஆடாதது நான் ஒருத்தன்தான். ம்... கிடைச்சுது. நகருங்க, மேஜையில விரிக்கிறேன்.

— ஏழை மட்டும் பாக்காதீங்க. நாலைப் பாருங்க, ஒம்போதோட வாலைப் பாருங்க. டாக்டருங்க கிறுக்குறதைப் படிச்சே இருபத்தாறு வருஷம் சோறு தின்னவ நான்.

— ஒரே கை. சந்தேகமே இல்லை, ஒரே கைதான். அப்போ கமிஷன்ல ஏம்மா இதைப் பாக்கலை?

— அவங்களுக்குப் போனது டைப் அடிச்ச நகல். டைப் அடிச்ச ஏழுக்கு ஏது இடுப்பு? ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்ட கணக்கு அது. இந்த நோட்டு குடைக்காரரோட பாதி. கீழ ஒரு பேரு. ரெண்டு பேருக்கும் பொருந்துற பேரு.

— தப்பு எந்த இடத்துல?

— பன்னெண்டாம் பக்கம் கடைசி வரி. என்ன எழுதியிருக்கு?

— எண்பத்தேழு.

— அடுத்த பக்கம் முதல் வரி?

— முப்பத்தேழு. ஐயோ... எடுத்து எழுதும்போது எட்டு மூணாப் போச்சு. அதைச் சுத்திச் சிவப்பு மையில ஒரு வட்டம் வேற போட்டிருக்கே. கீழ தேதி. இது... விசாரணை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள்!

— ஆமா.

— அப்படின்னா குடைக்காரருக்குத் தெரியும்! உக்காந்து தேடி, தப்பைக் கண்டுபிடிச்சு, வட்டம் போட்டு, நோட்டை மூடி வெச்சுட்டு, மறுநாள் போய் வாயைத் திறக்காம நின்னிருக்கான்! பாவி!

— அப்படிப் பேசாதீங்க, சார்.

— வேற எப்படிம்மா பேசுறது? ஒரு மனுஷனைக் கண்ணு முன்னாடி குழியில தள்ளுறாங்க, இவன் குடையைப் பிடிச்சுக்கிட்டுப் பாத்திருக்கான்!

— போன வாரம் கண்ணாடிக்காரரோட பையனைப் பாக்கப் போனேன். சைக்கிள் கடை வெச்சிருக்கார். அவருக்கே அறுபது வயசு இருக்கும். நோட்டைக் காட்டினேன். கையில கிரீஸ், துணியில துடைச்சார், பத்தலைன்னு உள்ள போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்துதான் தொட்டார்.

— என்ன சொன்னார்?

— அவர் அப்பா வேலை போனதும் பசங்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாராம். சாயங்காலம் பசங்க போனதும், அந்தப் பாலத்துக் கணக்கை முதல்ல இருந்து போடுவாராம். தினமும். எந்தப் பாதி தன்னோடது, எந்தப் பாதி மத்தவரோடதுன்னு போகப் போக அவருக்கே மறந்து போச்சாம். தப்பு எங்கன்னும் புடிபடலை. “நான்தான் போல இருக்கு, வேற யாரு”ன்னு சொல்லிட்டேதான் செத்தாராம்.

— அடக் கடவுளே.

— பையன் என்னைத் திட்டுவார்னு நினைச்சுட்டுப் போனேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பன்னெண்டாம் பக்கத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை ஒரு துண்டுத் தாள்ல எழுதி, பேர் போடாம அனுப்பியிருந்தாக்கூட அப்பா தூங்கியிருப்பாரே”ன்னார். அப்புறம் எனக்கு டீ வரவழைச்சுக் குடுத்தார்.

— என்ன குடும்பம்மா அது... சரி. ஆறாம் நம்பரை மாத்திடறேன். பழி அவரோடது இல்லைன்னு தெளிவாப் போடறேன்.

— அது போதாது. அஞ்சாம் நம்பர்லயும் எழுதணும். யார் கணக்குன்னு எழுதணும், தெரிஞ்சும் சொல்லலைன்னு எழுதணும். இங்க துடைச்சு விட்டுட்டு அங்க எழுதாம விட்டா, முப்பத்தொரு பேரும் யாருமில்லாம செத்த மாதிரி ஆயிடும்.

— எழுதினா அந்த ஆளோட பேரு அதோட முடிஞ்சுது. நாலு விளக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படாது.

— விளக்கை எடுக்காதீங்க. அது நெஜமாவே அவர் கட்டினது. அந்தக் கணக்கு ஒவ்வொண்ணையும் ஏழு தடவை போட்டுப் பாப்பார், மத்தவங்களையும் போட்டுப் பாக்கச் சொல்வார். ஏன்னு யாருக்கும் தெரியாது. ரெண்டும் இருக்கட்டும், சார். ஒரே ஆள்தான் ரெண்டும் பண்ணினார்.

— ம்... இன்னொரு சிக்கல் இருக்கு. செத்தவர் மேல புதுசா ஒரு குத்தம் எழுதினா, குடும்பத்துக்குக் காட்டி, “பார்த்தோம்”னு கையெழுத்து வாங்கணும். எங்க பதிப்பகத்துல அது கறாரான விதி. நாளைக்குள்ள எங்க போறது?

— குடும்பத்துல யாரு இருக்காங்க?

— ஒரே பொண்ணு. ஆறு மாசத்துக்கு முன்னாடிதான் ஒரு கடுதாசி வந்தது. அப்பாவோட படம் ஒண்ணு வெச்சு, “அவரைப் பத்தி ரெண்டு வரி கூடுதலாப் போட்டா சந்தோஷப்படுவேன்”னு அழகா எழுதியிருந்தாங்க. அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா இதை நான் எப்படிம்மா நீட்டுவேன்? அந்தம்மா கையெழுத்துப் போடுவாங்களா?

— காகிதத்தை இப்படித் திருப்புங்க, சார். எங்க அப்பா பேருக்குக் கீழ நான் எந்த இடத்துல போடணும்?