மூன்று நாள் இருட்டுக்கு ஒரு பை மெழுகுதிரி

காலை 7.40. மன்னாரிலிருந்து வங்காலைக்குப் புறப்பட்ட பஸ்ஸில் முதலில் கண்ணில் பட்டது, முன் இருக்கைப் பெண்ணின் மடியிலிருந்த ஒரு பை மெழுகுதிரி. பக்கத்தில் அவருடைய தங்கை, கையில் வேதாகமத்துடன்.

“உலக முடிவிலை மூண்டு நாள் இருட்டாம். ஃபாதர் மந்திரிச்ச திரி மட்டும்தான் எரியுமாம்.”

“அதுக்கு முதலே ஆண்டவர் எங்களை வானத்துக்கு எடுத்திடுவார், அக்கா. எங்கட சபைக்கு வாங்கோ எண்டு எத்தினை தரம் கேட்டிட்டன்? வராட்டி நீங்கள் தனிச்சுப்போவியள்.”

“நான் கத்தோலிக்கக் கோயிலை விட்டு வரமாட்டன்.”

தங்கை பையைத் திறந்து பார்த்தார்.

“ஒரு ஆளுக்கு ஏன் இவ்வளவு திரி?”

“பாதி உனக்கு. ஆண்டவர் உன்னை எடுக்க மறந்திட்டா இருட்டுக்கை என்னடி செய்வாய்?”

தங்கை சிரித்துவிட்டார். வங்காலைக் கோயிலடியில் இருவரும் இறங்கினார்கள். பையைத் தங்கை தூக்கிக்கொண்டு நடந்தார்.